கிழங்கு வேரில் நான் சந்தித்த ஃபிராங்க்

சென்ற தவணையில் என் இடுபணி தோற்றுவிட்டது என்றே நினைத்தேன். மரவள்ளித் தண்டுகளைத் தொட்டிகளில் நட்டு வளர்க்க வேண்டும். பாதித் தொட்டிகளுக்கு மண்ணை நீராவியில் வேகவைத்து, கிருமி எதுவும் இல்லாமல் செய்தேன். மீதித் தொட்டிகளில் தோட்டத்து மண்ணை அப்படியே போட்டேன். சுத்தமான மண்ணில் செடி செழிக்கும் என்பது என் கணக்கு. பத்து வாரத்தில் நடந்ததோ நேர்மாறு. வேகவைத்த மண்ணில் செடிகள் குட்டையாக, சிற்றிலைகளோடு நின்றன. அந்தத் தொட்டிகளை அறிக்கையில் சேர்க்காமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

காரணத்தைத் தேடிப் படித்தபோதுதான் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் எனக்கு அறிமுகமானார்.

1839-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தவர் அவர். லைப்சிக் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயின்று, அங்கேயே பணியாற்றினார். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஓருடலாக வாழும் லைக்கனை ஆராய்ந்து, 1877-இல் அந்த உறவைக் கூட்டுவாழ்வு என்ற பொருள்படும் சொல்லால் குறித்தார். 1881-இல் பெர்லின் வேளாண் கல்லூரியில் பேராசிரியரானார்.

அங்கே பிரஷ்யாவின் வேளாண் அமைச்சு அவரிடம் ஒரு பணியை ஒப்படைத்தது. டிரஃபிள் என்பது மரத்தடி மண்ணுக்குள் விளையும் விலையுயர்ந்த காளான். அதைப் பயிரிட்டு வளர்க்க முடியுமா என்று பார்க்கச் சொன்னார்கள். ஃபிராங்க் மரங்களின் வேர்களைத் தோண்டிப் பார்த்தார். டிரஃபிள் விளையாத இடங்களிலும் ஓக், பீச் மரங்களின் வேர்நுனிகளை ஒரு பூஞ்சை உறைபோல் போர்த்தியிருந்தது. ஆனாலும் மரங்கள் நலமாகவே இருந்தன. பயிரிடும் வழி கிடைக்கவில்லை. ஆனால், தான் கண்டதை அவர் ஒதுக்கவில்லை. 1885-இல் அதற்கு மைக்கோரைசா என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் பூஞ்சை வேர் என்று பொருள். மரத்துக்கு ஊட்டத்தை எடுத்துத் தருவதே அந்தப் பூஞ்சைதான் என்றும் அறிவித்தார்.

பூஞ்சை என்றாலே பயிர்நோய் என்று எண்ணிய காலம் அது. ராபர்ட் ஹார்ட்டிக் போன்ற பெரிய அறிஞர்கள் மறுத்தார்கள். ஃபிராங்க் பைன் நாற்றுகளைச் சூடாக்கிய மண்ணிலும் சாதாரண மண்ணிலும் வளர்த்துக் காட்டினார். சூடாக்கிய மண்ணில் நாற்றுகள் பின்தங்கின. நூறாண்டுக்கும் முந்திய அந்தச் சோதனையைத்தான் நான் அறியாமலே செய்திருந்தேன்!

எல்லாவற்றிலும் அவர் சரியாக இருந்துவிடவில்லை. பயறு வகைகளின் வேர்முடிச்சு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கிறது என்று 1886-இல் ஹெல்ரீகல் சொன்னபோது, எதிர்த்தவர்களில் இவரும் ஒருவர். ஆனால் 1889-இல் அந்த முடிச்சில் வாழும் பாக்டீரியாவுக்கு ரைசோபியம் என்று பெயர் சூட்டியவரும் இவரே. 1900-இல் பெர்லினில் காலமானார்.

வேரை வெளியே போர்த்தும் பூஞ்சை, உள்ளே நுழைந்து வாழும் பூஞ்சை என இரு வகை உண்டு என்பதை 1887-இல் பிரித்துக் காட்டியவரும் ஃபிராங்க்தான். மரவள்ளியில் இருப்பது இரண்டாம் வகை. மரவள்ளிக்கு மெல்லிய வேர்கள் குறைவு. மண்ணில் பாஸ்பரஸ் எளிதில் நகராது; வேருக்குப் பக்கத்தில் உள்ளது தீர்ந்தால் செடி பட்டினிதான். பூஞ்சையின் நூலிழைகள் வேருக்கு எட்டாத தூரம்வரை பரவி அதைக் கொண்டுவருகின்றன. கூலியாக, இலை தயாரித்த சர்க்கரையைப் பெறுகின்றன. இந்தப் பூஞ்சையை வயலில் சேர்த்து விளைச்சலைக் கூட்டும் சோதனைகள் கொலம்பியாவில் நடந்துள்ளன. எல்லா மண்ணிலும் ஒரே பலன் கிடைப்பதில்லை; உள்ளூர்ப் பூஞ்சை ஏற்கெனவே நிறைந்த மண்ணில் கூடுதல் பயன் குறைவு.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் நம் முன்னோரின் பசியாற்றிய கிழங்கு இது. ஏழை மண்ணிலும் அது விளைந்ததற்குக் கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டாளியும் ஒரு காரணம்.

பிறகு என் செடிகளின் வேர்களுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தேன். தோட்டத்து மண்ணில் வளர்ந்த வேருக்குள் நீல நூல்கள் ஓடின. வேகவைத்த மண்ணில் வளர்ந்த வேரில் ஒன்றுமில்லை. அந்தக் குட்டைச் செடிகளின் அளவுகளை ஒன்றுவிடாமல் அறிக்கையில் எழுதினேன். நண்பர்களே, உங்கள் ஆய்விலும் எதிர்பாராத முடிவு வந்தால், அழிப்பதற்கு முன் ஒருமுறை வேரைத் தோண்டிப் பாருங்கள்.