அஹ்மது முஹம்மது காச்சாலியா: தூதரகம் இல்லாத காலத்தில் ஒரு சமுதாயத்தின் குரல்

நம் குடும்பங்களில் வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவராவது இல்லாத வீடு குறைவு. பள்ளிக்கரணை, மேடவாக்கம், தாம்பரம் பக்கம் எந்தத் தெருவில் விசாரித்தாலும் ஒரு மகனோ மருமகனோ துபாயிலோ ரியாத்திலோ கோலாலம்பூரிலோ இருப்பார். அங்கே போலீஸ் பிடித்துக்கொண்டது, முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார் என்று செய்தி வந்தால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தியத் தூதரகம். தூதரகம் அந்நாட்டு அரசிடம் பேசும், தேவைப்பட்டால் கண்டனமும் தெரிவிக்கும் என்ற நம்பிக்கை நமக்கு இருக்கிறது.

இந்த நம்பிக்கை இல்லாத ஒரு காலம் இருந்தது. இந்தியா ஒரு சுதந்திர நாடாக இல்லாததால் இந்தியனுக்குத் தூதரகமும் இல்லை. அந்தக் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதியில் வாழ்ந்த இந்தியர்களுக்குத் தலைமை தாங்கி, அரசாங்கத்துக்கு முறையீட்டுக்கு மேல் முறையீடு அனுப்பி, தன் சொத்தையும் இழந்து நின்றவர் சேட் அஹ்மது முஹம்மது காச்சாலியா. தமிழர்கள் ஆயிரக்கணக்கில் பங்கெடுத்த அந்தப் போராட்டத்தில் காந்தியடிகளின் பெயரும் தில்லையாடி வள்ளியம்மையின் பெயரும் நமக்குத் தெரியும். காச்சாலியாவின் பெயர் நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

வணிகராக வந்தவர்

காச்சாலியா குஜராத்தைச் சேர்ந்த முஸ்லிம் வணிகர். ஆங்கிலம் அதிகம் தெரியாது. மேடைப் பேச்சாளரும் அல்ல. டிரான்ஸ்வாலில் கடை வைத்து, ஐரோப்பிய மொத்த வியாபாரிகளிடம் கடனுக்குச் சரக்கு எடுத்து, விற்றுக் கொடுத்துப் பிழைத்தவர். அவர் கையில் இருந்த முதல் அவருடைய நாணயம்தான்.

டிரான்ஸ்வால் அப்போது போயர்கள் என்ற டச்சு வம்சாவளியினரின் குடியரசாக இருந்தது. 1885ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டம் இந்தியர்களுக்குக் குடியுரிமை இல்லை என்றது. ஒதுக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே நிலம் வாங்கவும் தடை. தன் குடிமக்களை இப்படி நடத்துகிறார்களே என்று பிரிட்டிஷ் அரசாங்கம் அந்தக் குடியரசிடம் பலமுறை ஆட்சேபம் தெரிவித்தது. 1899இல் போயர் போர் மூண்டபோது, முன்னாள் இந்திய வைஸ்ராயான லான்ஸ்டவுன் பிரபு, இந்தியர்களை அவர்கள் நடத்திய விதம்தான் தன்னை மிகவும் கோபப்படுத்தியது என்று பேசினார்.

போர் 1902இல் முடிந்து, டிரான்ஸ்வால் பிரிட்டிஷ் கைக்கு வந்தது. இனி விடிவு காலம் என்று இந்தியர்கள் நினைத்தார்கள். ஆனால் நேற்றுவரை எந்தச் சட்டத்தை எதிர்த்துக் கண்டனம் எழுப்பினார்களோ, அதே சட்டத்தை பிரிட்டிஷ் அதிகாரிகள் இன்னும் கடுமையாக அமல்படுத்தினார்கள். அடுத்தவன் நாட்டில் நடந்தபோது அநியாயம் என்றது, தன் கைக்கு வந்ததும் நிர்வாகம் ஆகிவிட்டது.

பள்ளிவாசல் வளாகத்தில் ஒரு சத்தியம்

1906இல் புதிய சட்ட முன்வரைவு வந்தது. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு இந்தியரும் பத்து விரல் ரேகையும் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். போலீஸ் கேட்கும் இடத்தில் சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அபராதம், சிறை, நாடு கடத்தல். அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த பெரும் கூட்டத்தில், இந்தச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று இறைவனைச் சாட்சியாக வைத்து எல்லோரும் உறுதி எடுக்கலாம் என்று முன்மொழிந்தவர் ஹாஜி ஹபீப். முறையிட ஒரு தூதுக்குழு லண்டன் சென்றது. லண்டன் முதலில் ஒப்புதலை நிறுத்தி வைத்தது. 1907இல் டிரான்ஸ்வாலுக்குத் தன்னாட்சி கிடைத்ததும், அதே சட்டம் அங்கேயே நிறைவேறியது.

1907 ஜூலை 31 அன்று பிரிட்டோரியா பள்ளிவாசல் வளாகத்தில் இந்தியர்கள் கூடினார்கள். பிரதமர் போத்தாவின் செய்தியோடு வில்லியம் ஹாஸ்கன் என்ற வெள்ளைக்கார உறுப்பினர் வந்திருந்தார். அரசாங்கத்தின் பலத்தை எதிர்த்து நிற்க முடியாது, பணிந்துவிடுவதே நல்லது என்பது அவர் சொன்ன புத்திமதி.

அதற்குப் பிறகு எழுந்தவர்களில் காச்சாலியாவும் ஒருவர். அதுவரை அவர் தலைவர் வரிசையில் இல்லை. அவர் தன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, தூக்கில் போட்டாலும் இந்தச் சட்டத்துக்குத் தலை வணங்க மாட்டேன் என்று அல்லாஹ்வின் மீது ஆணையிட்டார். ஆவேசத்தில் பேசுகிறார் என்று அன்று சிலர் நினைத்திருக்கலாம். ஆனால் கடைசிவரை அந்த வார்த்தையிலிருந்து அவர் பிறழவில்லை என்று உடனிருந்த காந்தியடிகளே பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். தென்னாப்பிரிக்கப் போராட்ட வரலாற்றை எழுதியபோது காச்சாலியாவுக்கென்று தனி அத்தியாயமே ஒதுக்கினார்.

கடை போனது, நாணயம் நின்றது

1908இல் காச்சாலியா டிரான்ஸ்வால் பிரிட்டிஷ் இந்தியர் சங்கத்தின் தலைவரானார். அரசாங்கத்துக்குப் பல கடிதங்கள் அவர் கையெழுத்தோடு போயின. சிறையில் நடக்கும் கொடுமை, சோற்றுக் குறைவு, நாடு கடத்தல் என எல்லாவற்றையும் எழுத்தில் வைத்தார்கள். அரசாங்கத்திடமிருந்து பதில் வராவிட்டாலும், கடிதத்தின் நகல் லண்டனுக்கும் இந்தியாவுக்கும் போனது.

தலைவரைப் பணிய வைக்க வேறு வழி தேடினார்கள். அவருக்குச் சரக்குக் கொடுத்த ஐரோப்பிய வியாபாரிகள், போராட்டத்திலிருந்து விலகு, இல்லையேல் பாக்கி முழுவதையும் உடனே கட்டு என்று நெருக்கினார்கள். கடையில் இருக்கும் சரக்கே கடனுக்குப் போதும், வேண்டுமானால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், கடனுக்கும் கொள்கைக்கும் சம்பந்தமில்லை என்பது அவர் நிலை. 1909இல் சொத்து முழுவதையும் கடன்காரர்களிடம் ஒப்படைத்தார். எல்லோருக்கும் பவுனுக்கு இருபது ஷில்லிங், அதாவது ஒரு காசு குறையாமல் முழுக் கடனும் அடைந்தது. அவருக்குத்தான் வியாபாரம் இல்லாமல் போனது.

அதே ஆண்டு லண்டனுக்குச் செல்லும் தூதுக்குழுவில் காச்சாலியாவின் பெயர் இருந்தது. கப்பல் ஏறுவதற்கு முன்பே அவரைக் கைது செய்தார்கள். ஹாஜி ஹபீபும் காந்தியடிகளும் மட்டும் சென்றார்கள். தலைவர் லண்டனில் பேச வேண்டிய நேரத்தில் சிறையில் இருந்தார்.

1910இல் சிறை சென்றவர்களின் குடும்பங்களுக்காக டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியபோது, தன் மகன் அலீயை அங்கே படிக்க அனுப்பினார். அதைப் பார்த்து வேறு சில முஸ்லிம் பெற்றோர்களும் தங்கள் பிள்ளைகளை அனுப்பினார்கள். அந்தப் பண்ணையில் முஸ்லிம் பிள்ளைகள் ரமளான் நோன்பு வைத்தபோது மற்ற பிள்ளைகளும் சேர்ந்து நோன்பிருந்தார்கள். அலீ இளம் வயதிலேயே, தந்தைக்கு முன்பாகவே இறந்துவிட்டார்.

சென்னைக்கு வந்த கப்பல்

போராட்டத்தின் பாரத்தைப் பெருமளவு சுமந்தவர்கள் தமிழர்கள். ஜோகன்னஸ்பர்க்கில் தம்பி நாயுடு திரும்பத் திரும்பச் சிறை சென்றார். நாகப்பன் என்ற இளைஞர் 1909இல் சிறைவாசத்தின் விளைவாக உயிரிழந்தார்.

1910இல் டிரான்ஸ்வால் அரசாங்கம் சுமார் 60 பேரை போர்ச்சுகீசியரின் டெலகோவா விரிகுடா வழியாக இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றியது. பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களில் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் இருந்தார்கள். சென்னையில் அவர்களுக்கு உணவும் தங்குமிடமும் கிடைக்க ஓடியாடி உழைத்தவர் பத்திரிகையாளர் ஜி.ஏ. நடேசன். திரும்பிச் சென்றவர்களைத் துறைமுகத்துக்குத் துறைமுகம் இறங்கவிடாமல் அலைக்கழித்தார்கள். அப்படி அலைந்தவர்களில் ஒருவரான நாராயணசாமி 1910 அக்டோபர் 16 அன்று டெலகோவா விரிகுடாவில் உயிர்விட்டார்.

இந்தச் செய்திகள் இந்தியாவைக் கொதிக்க வைத்தன. 1910 பிப்ரவரியிலேயே வைஸ்ராயின் சட்டசபையில் கோகலே ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியிருந்தார். அதன்படி 1911 ஜூலை முதல் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகள் அனுப்புவது நிறுத்தப்பட்டது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு அது பெரிய அடி. வெறும் கண்டனத்தோடு நிற்காமல் இந்திய அரசாங்கம் எடுத்த உறுதியான நடவடிக்கை அது.

நிக்காஹ் செல்லாது என்ற தீர்ப்பு

1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சர்ல் வழங்கிய தீர்ப்பு எல்லா வீட்டுக் கதவையும் தட்டியது. ஹசன் ஈசாப் என்பவரின் மனைவி மரியத்தை நாட்டுக்குள் விடலாமா என்பது வழக்கு. பலதார மணத்தை அனுமதிக்கும் மதத்தின் முறைப்படி நடந்த திருமணத்தைத் தென்னாப்பிரிக்கச் சட்டம் ஏற்காது என்றது தீர்ப்பு. முஸ்லிம்களின் நிக்காஹும், இந்துக்களின் திருமணமும், பார்சிகளின் திருமணமும் ஒரே அடியில் செல்லாமல் போயின. மனைவி சட்டப்படி மனைவி இல்லை என்றால் பிள்ளைகளின் நிலை என்ன, சொத்து யாருக்கு?

காச்சாலியா தலைமையிலான சங்கம் அரசாங்கத்துக்கு எழுதியது. கூட்டம் போட்டுத் தீர்மானம் அனுப்பியது. பலன் இல்லை. 1913 செப்டம்பர் 12 அன்று உள்துறைச் செயலாளருக்குக் காச்சாலியா கடிதம் எழுதினார். திருமணப் பிரச்சினை, முன்னாள் ஒப்பந்தக் கூலிகள் மீதான மூன்று பவுன் வரி முதலிய குறைகளை வரிசையாகக் குறிப்பிட்டு, இவை தீராததால் மீண்டும் அறப்போர் தொடங்குகிறோம் என்று முன்கூட்டியே அறிவித்தார். மறைவாக எதையும் செய்யாமல், எதிரிக்கும் தெரிவித்துவிட்டுத்தான் இறங்கினார்கள்.

பெண்கள் களத்துக்கு வந்தார்கள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். நவம்பர் 6 அன்று 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள். வழியில் காந்தியடிகளைக் கைது செய்துவிட்டு, தொழிலாளர்களை ரயிலில் ஏற்ற அதிகாரிகள் முயன்றபோது அவர்கள் மறுத்தார்கள். போலக்கும் காச்சாலியாவும் எடுத்துச் சொன்ன பிறகே அமைதியாக ஏறினார்கள்.

சுரங்கங்களையே சிறையாக்கி, சுரங்க ஊழியர்களையே வார்டர்களாக்கினார்கள். சாட்டையடி விழுந்தது. நேட்டால் தோட்டங்களில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

சென்னையிலிருந்து எழுந்த கண்டனம்

1913 நவம்பர் 24 அன்று சென்னைக்கு வந்திருந்த வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு, சென்னை மகாஜன சபை முதலிய அமைப்புகள் கொடுத்த வரவேற்புக்குப் பதில் அளிக்கையில், தென்னாப்பிரிக்க அரசாங்கத்தை வெளிப்படையாகவே சாடினார். அநியாயமான சட்டத்தை எதிர்க்கும் இந்தியர்கள் மீது தனக்கு அனுதாபம் உண்டு என்றார். நடந்த கொடுமைகள் பற்றிப் பாரபட்சமற்ற விசாரணை வேண்டும் என்றும் கோரினார். பிரிட்டிஷ் பேரரசின் ஒரு பகுதியின் ஆட்சியாளர் இன்னொரு பகுதியின் அரசாங்கத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தது அபூர்வம். தென்னாப்பிரிக்க அரசாங்கம் கொதித்தது. லண்டன் சங்கடப்பட்டது. ஹார்டிஞ்ச் பின்வாங்கவில்லை.

அடுத்த மாதமே விசாரணைக் கமிஷன் அமைந்தது. இந்திய அரசாங்கத்தின் சார்பில் சர் பெஞ்சமின் ராபர்ட்சன் தென்னாப்பிரிக்கா அனுப்பப்பட்டார். 1914இல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. ஒரு மனைவி மட்டும் உள்ள இந்தியத் திருமணங்கள் அங்கீகாரம் பெற்றன. அதைப் பார்க்க வள்ளியம்மை இல்லை. சிறையில் வந்த காய்ச்சலால் பிப்ரவரி 22 அன்று அவர் இறந்திருந்தார்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. வணிக உரிமம், நில உரிமை, குடியேற்றத் தடை ஆகியவை அப்படியே இருந்தன. ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியருள்ள முஸ்லிம் குடும்பங்களின் பிரச்சினையும் முழுமையாகத் தீரவில்லை என்று முஸ்லிம்களிடையே அதிருப்தி இருந்தது. காந்தியடிகள் 1914 ஜூலையில் புறப்பட்டுவிட்டார். காச்சாலியா அங்கேயே இருந்து மிச்சமிருந்த வேலையைத் தொடர்ந்தார். 1918இல் காலமாகும்வரை பொதுப்பணியை விடவில்லை.

அவருடைய மகன்கள் மவ்லவி இஸ்மாயில் காச்சாலியாவும் யூசுப் காச்சாலியாவும் பின்னாளில் நிறவெறி எதிர்ப்புப் போராட்டத்தின் முன்னணியில் நின்றார்கள். 1946இல், முழுச் சுதந்திரம் கிடைப்பதற்கு முன்பே, தென்னாப்பிரிக்க இந்தியர்களின் பிரச்சினையை இந்தியா ஐ.நா. சபைக்குக் கொண்டுசென்றது. விஜயலட்சுமி பண்டிட் வாதாடினார். மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளுடன் தீர்மானம் நிறைவேறியது.

நமக்கு என்ன இருக்கிறது?

அன்று காச்சாலியாவுக்கு இல்லாத ஒரு பாதுகாப்பு இன்று சட்டமாகவே இருக்கிறது. 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவுகள் உடன்படிக்கையின் 36ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டில் கைதாகும் ஒருவர் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கலாம். அந்த உரிமை உண்டு என்று அவரிடம் சொல்வது கைது செய்த அதிகாரிகளின் கடமை. வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல் வீட்டில் இருக்க வேண்டும். ஏதாவது நடந்தால் தேதி, இடம், நடந்தது என்ன என்று எழுத்தில் வைக்க வேண்டும். வாய்வார்த்தை காற்றோடு போய்விடும். கடிதம் நிற்கும்.

இதே உரிமை நம் ஊருக்குப் படிக்கவும் பிழைக்கவும் வரும் வெளிநாட்டவருக்கும் உண்டு. டிரான்ஸ்வாலில் நம்மவர்களை நடத்தியது அநியாயம் என்றால், வேளச்சேரியிலும் தாம்பரத்திலும் வாடகைக்கு இருக்கும் அந்நிய நாட்டுப் பிள்ளையை வெறும் நிறத்தையும் மொழியையும் வைத்துச் சந்தேகிப்பதும் அநியாயம்தான். அந்தப் பிள்ளைக்கும் எங்கோ ஒரு வீட்டில் தாய் காத்திருப்பாள்.