டோனாவூர் அம்மாவும் அவருடன் நின்ற தமிழ்ப் பெண்களும்

1901ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் மாலை. திருநெல்வேலிச் சீமையின் பெருங்குளம் என்ற ஊரில், கோவிலைச் சேர்ந்த பெண்கள் குடியிருந்த வீட்டிலிருந்து ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி யாருக்கும் தெரியாமல் வெளியே வந்தாள். அவள் பெயர் பிரீனா. ஓடையைத் தாண்டி, பக்கத்து ஊரான பண்ணைவிளைக்குப் போய், அங்கிருந்த தேவாலயத்தின் அருகே நின்றாள்.

அவள் ஓடிப்போவது அது முதல் முறையன்று. முன்பு ஒரு தடவை தூத்துக்குடி வரை நடந்தே போய்த் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டவள். அங்கும் தேடி வந்துவிட்டார்கள். சாமிக்கு விட்ட பிள்ளையை வைத்துக்கொண்டால் தெய்வக் குற்றம் என்று பயமுறுத்த, பெற்றவளே பிள்ளையின் கைகளை விலக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தண்டனையாக அந்தச் சிறு கைகளில் சூடு போடப்பட்டது.

இரண்டாம் முறை அவள் தாயிடம் போகவில்லை. வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி பிள்ளை பிடிக்கிறவள், அவள் கண்ணில் பட்டுவிடாதே என்று வீட்டுப் பெண்கள் அவளை மிரட்டி வைத்திருந்தனர். பிடித்துப் போகிறவள் இருந்தால் நல்லதுதானே என்று பிள்ளை கணக்குப் போட்டிருக்கிறது. தேவாலயத்தருகே அவளைக் கண்ட ஒரு கிறிஸ்தவப் பெண் இரவு தன் வீட்டில் தங்கவைத்து, மார்ச் 7ஆம் நாள் காலை அந்த வெள்ளைக்கார அம்மாளிடம் அழைத்துப் போனார். சிறுமி நேராகப் போய் அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அந்த அம்மாள்தான் ஏமி கார்மைக்கேல். அப்போது அவருக்கு வயது 33. அநாதை இல்லம் நடத்தும் எண்ணம் எதுவும் அவரிடம் அதுவரை இருந்ததில்லை.

அயர்லாந்தின் வடபகுதியில் மில்லைல் என்ற கடலோரக் கிராமத்தில் 1867 டிசம்பர் 16ஆம் நாள் பிறந்தவர் அவர். மாவு ஆலை வைத்திருந்த குடும்பம். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். 1885இல் தந்தை இறந்தபின் வீட்டு நிலைமை இறங்கியது. பெல்ஃபாஸ்ட் நகர ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் தொப்பி வாங்க வசதியில்லாமல் சால்வையையே முக்காடாகப் போட்டுக்கொள்வார்கள். அவர்களைத் தேவாலயத்துக்கு அழைத்து வந்தபோது கௌரவமான குடும்பத்தார் முகம் சுளித்தனர். ஏமி சண்டைக்குப் போகவில்லை. 500 பேர் உட்காரக்கூடிய தகரக் கூடம் ஒன்றை அந்தப் பெண்களுக்கென்றே 1889இல் எழுப்பினார். தோட்டத்து லயத்திலிருந்து பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கும் கோவிலுக்கும் போய் ஓரமாக நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தச் சம்பவம் எளிதில் விளங்கும்.

நரம்பு வலி அவரை இளமையிலேயே பிடித்திருந்தது. சீனாவுக்குப் போக விரும்பினார். உடல் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். 1893இல் ஜப்பான் போனார். அங்கே நோயுற்றிருந்த மூதாட்டி ஒருவர், ஏமி பேசியதைக் கேட்பதை விட்டு, அவர் போட்டிருந்த உரோமக் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அன்றோடு ஐரோப்பிய உடையைக் கழற்றிவிட்டு ஜப்பானிய உடைக்கு மாறினார். பின்னர் தமிழ்நாட்டில் சேலை கட்டியதற்கும் அந்த நாள்தான் தொடக்கம். ஜப்பானிலும் உடல்நிலை கெட்டது. சிறிது காலம் இலங்கை, பிறகு தாயகம், மறுபடி கப்பல். 1895 நவம்பரில் இந்தியாவில் கால் வைத்தவர் அதற்குப் பிறகு 55 ஆண்டுகளில் ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை.

முதலில் பெங்களூரு. 1896 இறுதியில் திருநெல்வேலிக்கு வந்தார். தமிழ் கற்பித்தவர் தாமஸ் வாக்கர் என்ற மிஷனரி. ஊரார் அவரை வாக்கர் ஐயர் என்பார்கள். இலக்கணத்தில் கறாரான மனிதர். ஏமிக்கு வெறும் புத்தகத் தமிழ் போதவில்லை. கிணற்றடியிலும் திண்ணையிலும் பெண்கள் பேசும் தமிழ் வேண்டியிருந்தது. அதை அவருக்குக் கொடுத்தவர்கள், அவரோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சுற்றிய தமிழ்ப் பெண்கள். நட்சத்திரக் கூட்டம் என்று அந்தக் குழுவுக்குப் பெயர் வந்தது.

குழுவில் முதலில் சொல்ல வேண்டியவர் பொன்னம்மாள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். பாளையங்கோட்டையில் மாமியார் வீட்டுக்குள்ளேயே முடங்கியிருந்தார். பிறப்பால் கிறிஸ்தவர்தான், ஆனாலும் கைம்பெண் என்றால் எந்தச் சமயத்து வீட்டிலும் அப்போது நிலைமை ஒன்றுதான். வெளியே வருவதற்கே அவர் போராட வேண்டியிருந்தது. குழுவிலிருந்த பெண்கள் ஒரு கட்டத்தில் நகைகளைக் கழற்றினர். சுமங்கலிப் பெண் நகை இல்லாமல் தெருவில் நடப்பதா என்று ஊர் கொதித்தது, உறவினர்கள் வெட்கப்பட்டனர். அவர்கள் வெறுங்கழுத்தோடும் வெறுங்கையோடும் நடந்து போனார்கள்.

பிரீனா வந்தபின் எல்லாமே திசை மாறியது. கோவில் வீட்டுப் பெண்கள் கூட்டமாக வந்து பிள்ளையைக் கேட்டனர். பிள்ளை போக மறுத்தது. அந்தச் சிறுமி வாய் திறந்து சொன்னவற்றைக் கேட்டபிறகுதான், பொட்டுக் கட்டுதல் என்ற வழக்கத்தின் பெயரால் சிறுமிகளுக்கு என்ன நடக்கிறது என்பதை ஏமி தேடத் தொடங்கினார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழிசையையும் சதிராட்டத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் தேவதாசி மரபினர். அந்த மரபு முழுவதையும் ஒரே கறுப்பு வண்ணத்தில் தீட்டிவிடுவது நியாயமாகாது. ஏமியின் எழுத்தில் அந்தக் குறை உண்டு. ஆனால் அந்த மரபுக்குள்ளிருந்தே வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும், தேவதாசிக் குடும்பத்துத் தாய்க்குப் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும், பிள்ளைகளைப் பொட்டுக் கட்டி விடுவதை ஒழித்தே தீர வேண்டும் என்று பின்னாளில் நின்றார்கள். மரபின் அருமை பேசுகிறவர்கள் பிரீனாவின் கையில் இருந்த சூட்டுத் தழும்பையும் பார்க்க வேண்டும் அல்லவா?

1901லேயே குழுவினர் டோனாவூரில் நிலைகொண்டனர். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் சிற்றூர். அங்கே தேவாலயம் கட்டப் பணம் கொடுத்த டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரே ஊர்ப் பெயராயிற்று. 1904க்குள் 17 பிள்ளைகள். அவர்களில் ஆறு பேர் கோவில்களிலிருந்து மீட்கப்பட்டவர்கள். அந்த ஆண்டுதான் முதல் கைக்குழந்தை வந்தது. அங்கிருந்து துன்பமும் தொடங்கியது.

பெரிய பிள்ளைக்குச் சோறு போட்டு வளர்க்கலாம். பிறந்து பத்து நாள் ஆன சிசுவுக்கு யார் பால் கொடுப்பது? அடுத்தவர் பிள்ளைக்கு, அதுவும் சாதி தெரியாத பிள்ளைக்கு, தாய்ப்பால் கொடுக்க ஊரில் பெண்கள் கிடைக்கவில்லை. மருத்துவ வசதியும் பக்கத்தில் இல்லை. அதனால் மருத்துவமனை இருந்த நெய்யூரில் குழந்தைகளுக்கென்று ஒரு வீடு எடுக்கப்பட்டது. அதன் முழுப் பொறுப்பும் பொன்னம்மாளுக்கு. மாமியார் வீட்டு மூலையில் கிடந்த அந்தப் பெண், மருத்துவரிடம் கேட்டுக் கேட்டுப் பால் கலக்கும் அளவு கற்றார், சுத்தம் கற்றார், பிறருக்கும் கற்றுக் கொடுத்தார். வயிற்றுப்போக்கு நோய் பரவியபோது பல குழந்தைகள் அவர் கையிலேயே இறந்தன. பிழைத்தவர்களும் பலர். குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற முதல் வரிசைத் தமிழ்ப் பெண்கள் டோனாவூருக்குக் கிடைத்தது இந்த வீட்டிலிருந்துதான்.

வெள்ளைக்கார மிஷனரி முடிவெடுப்பார், உள்ளூர்ப் பெண் ஏவல் செய்வார் என்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். டோனாவூரில் கூட்டும் வேலை, துவைக்கும் வேலை, இரவு விழித்திருக்கும் வேலை எல்லாம் எல்லாருக்கும் உண்டு. சாதி பார்த்துப் பந்தி கிடையாது. ஐரோப்பியப் பெண்களைப் பிள்ளைகள் சித்தி என்றும், தமிழ்ப் பெண்களை அக்காள் என்றும், ஆண்களை அண்ணாச்சி என்றும் அழைத்தனர். ஏமி அம்மா. நெல்லைத் தமிழின் உறவுச் சொற்களே அந்த இல்லத்தின் பதவிப் பெயர்களாயின. பிறந்தநாள் தெரியாத பிள்ளைகளுக்கு, அவர்கள் வந்து சேர்ந்த நாளே ஆண்டுதோறும் கொண்டாடும் நாள்.

பகையும் நிறைய இருந்தது. 1903இல் அவர் எழுதி வெளியிட்ட நூல், திருநெல்வேலியில் மிஷனரிப் பணி வெற்றிமேல் வெற்றி பெறுகிறது என்று நம்பியிருந்த இங்கிலாந்து வாசகர்களுக்குக் கசந்தது. மிகைப்படுத்துகிறார் என்றனர். சக மிஷனரிகளிலேயே ஒரு பகுதியினர் அவரை இந்தியாவிலிருந்து அனுப்பிவிட முயன்றதுண்டு. பிள்ளை கடத்தியதாக வழக்கும் வந்தது. சிறைக்குப் போக நேரிடும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார். 1914 பிப்ரவரியில் அது தள்ளுபடியானது.

வேறொரு வழக்கில் தோற்றார். முத்தம்மாள் என்ற சொத்துள்ள குடும்பத்துப் பெண்ணைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்படைக்கும் முன் பெண் காணாமல் போனாள். ஆண்பிள்ளை வேடத்தில் அவளை வெளியேற்றிக் கப்பலேற்றிச் சீனாவுக்குச் சேர்த்துவிட்டனர் நண்பர்கள். அந்நாளில் இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போன கப்பல்களின் வழி மலாக்கா நீரிணை. பினாங்குக்கு நம் பாட்டன் பூட்டன் வந்து இறங்கிய அதே கடல்வழி. சில ஆண்டுகளுக்குப் பிறகு முத்தம்மாள் டோனாவூரைச் சேர்ந்த ஒருவரையே மணந்துகொண்டார். சட்டத்தின் கண்ணில் இது சரியா என்று கேட்டால், சரியில்லைதான். ஏமிக்கும் அந்தக் கேள்வி எளிதாக இருந்திருக்காது.

பினாங்கு வாசகர்களுக்கு இத்தகைய இல்லம் புதிதன்று. 1852இல் பினாங்கு வந்த பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் லைட் ஸ்ட்ரீட் கான்வென்டில் பள்ளியோடு அநாதைப் பிள்ளைகளையும் வளர்த்தனர். டோனாவூருக்கு அப்படி ஒரு பெரிய சபையின் பணபலம் நிரந்தரமாக இல்லை. யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்பதை ஏமி கட்டளையாகவே வைத்திருந்தார். பிள்ளைகளின் தொகை நூறைத் தாண்டிய பிறகும் அதை மாற்றவில்லை. இது பிடிவாதமா, நம்பிக்கையா என்று அவரோடு இருந்தவர்களுக்கே சில நாள் சந்தேகம் வந்திருக்கலாம்.

1912இல் வாக்கர் ஐயர் இறந்தார். அடுத்து பொன்னம்மாளுக்குப் புற்றுநோய். அறுவைச் சிகிச்சைகள் பலன் தரவில்லை. 1915 ஆகஸ்ட்டில் அவரும் போய்விட்டார். தமக்குப் பின் பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கவலைக்கு ஏமி வைத்திருந்த விடை பொன்னம்மாள்தான். அந்த விடை கையை விட்டுப் போயிற்று. 1918இல் அவரைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

அதன்பிறகு அவர் நம்பியது அருளாயியை. கிணற்றடியில் நின்று ஏமியின் பேச்சை வேடிக்கை பார்த்த சிறுமி. குடும்பத்தின் எதிர்ப்பைத் தாண்டி வந்து, டோனாவூரிலேயே படித்து, ஆசிரியராகி, நிர்வாகத்தைத் தாங்கியவர். 1939இல் அருளாயியும் இறந்தார். வாரிசாக நினைத்து வளர்த்த இரண்டு தமிழ்ப் பெண்களையும் தம் கண்முன்னே பறிகொடுத்தார் ஏமி.

அப்போது அவரே படுக்கையில் இருந்தார். 1931 செப்டம்பர் 24ஆம் நாள் களக்காட்டில் மருத்துவப் பணிக்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போனவர், இருட்டில் புதிதாகத் தோண்டியிருந்த குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். மீண்டும் பழையபடி நடமாடவே முடியவில்லை. சுமார் 20 ஆண்டுகள் அறைக்குள்ளேயே. பிள்ளைகள் அங்கே வந்து பேசினர். பொறுப்பிலிருந்த பெண்கள் யோசனை கேட்டுப் போயினர். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். வாழ்நாளில் எழுதிய நூல்கள் சுமார் 35. இதற்கிடையில் 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டிருந்தனர். பரம சுக சாலை என்ற பெயரில் மருத்துவமனையும் எழுந்திருந்தது. 1919இல் பிரிட்டிஷ் அரசு அளித்த கைசர்-இ-ஹிந்த் பதக்கத்தை வாங்கும் விழாவுக்கு அவர் போகவில்லை.

பொட்டுக் கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி முதலானோர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போராடிப் பெற்ற சட்டம் அது. அதைக் காணும்வரை ஏமி உயிரோடிருந்தார்.

1951 ஜனவரி 18ஆம் நாள், 83ஆம் வயதில் டோனாவூரிலேயே இறந்தார். வெளிநாட்டார் ஒவ்வொருவராக விலகிய பின்னும் இல்லம் நிற்கிறது. இந்தியர்களே இப்போது அதை நடத்துகின்றனர். அங்கேயே வளர்ந்த பெண்களும் அவர்களில் உண்டு.

தம் புதைகுழியின் மேல் கல் எதுவும் வைக்கக்கூடாது என்று ஏமி சொல்லி வைத்திருந்தார். பிள்ளைகள் சொல்லை மீறவில்லை. மரத்தடியில் பறவைகள் குடிக்கவும் குளிக்கவும் ஒரு நீர்த்தொட்டி வைத்தார்கள். அதில் அம்மா என்ற ஒரு சொல் மட்டும் பொறித்திருக்கிறது.