பூவுக்கு ஓவியர் பெயர்!

குழந்தைகளே! புதிதாக ஒரு பூச்செடியைக் கண்டுபிடித்தால் அதற்கு யார் பெயரை வைப்பீர்கள்? ராபர்ட் வைட் என்ற தாவரவியல் அறிஞர், தம்மிடம் பணியாற்றிய ஓவியரின் பெயரை வைத்தார்!

ராபர்ட் வைட் 1796-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்தார். 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். செடிகொடிகள் மீது அவருக்கு அளவற்ற ஆர்வம். 1828-இல், நம் புவனகிரிக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள நாகப்பட்டினத்துக்கு மாற்றப்பட்டார். மருத்துவப் பணி போக மீதி நேரமெல்லாம் செடிகளைச் சேகரித்தார்.

செடியைக் காகிதங்களுக்கு இடையே வைத்து அழுத்தி உலர்த்தினால் பல ஆண்டுகள் கெடாது. ஆனால், பூவின் நிறமும் வடிவமும் மாறிவிடும். ஆகவே, வாடும் முன்பே படம் வரைந்துவிட வேண்டும். முதலில் ரங்கய்யா, பிறகு கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள் அவருக்கு வரைந்து கொடுத்தனர். பூவின் சிறு சிறு உறுப்புகளையும் பெரிதாக்கித் தனித்தனியே வரைந்தார்கள். கல் அச்சு முறையை வைட் தாமே கற்றுக்கொண்டார். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளில் 2,101 படங்களை வெளியிட்டார்.

கடைசித் தொகுதியில் ஒரு காட்டுப்பூ இடம்பெற்றது. அது தரையில் வளரும் ஆர்க்கிட் வகை. மேற்குத் தொடர்ச்சி மலையில், வெயில் அதிகம் விழாத அடர்ந்த காட்டில், இலைச்சருகுகளுக்கு நடுவே முளைப்பது. தண்டின் மேற்பகுதியில் எதிரெதிராக இரண்டு இலைகள். இலையில் நரம்புகள் தெளிவாகத் தெரியும். உச்சியில் சிறிய வெண்ணிறப் பூக்கள். வைட் அதற்குக் ‘கோவிந்தூயா’ என்று பெயர் சூட்டினார். அந்நாளில் ஓவியர்களின் பெயரைப் பலர் குறிப்பிடுவதே இல்லை. வைட்டோ, படங்களின் அடியிலும் அவர்கள் பெயரை அச்சிட்டார்.

ஆனால், அந்தப் பெயர் நிலைக்கவில்லை. அந்த இனத்துக்கு 1833-லேயே லிண்ட்லி என்ற அறிஞர் ‘ட்ரோபிடியா’ என்று பெயரிட்டிருந்தார். முதலில் வைத்த பெயரே செல்லும் என்பது தாவரவியல் விதி. இன்று ‘கோவிந்தூயா’ என்பது அதன் பழைய பெயராக மட்டுமே நூல்களில் இருக்கிறது.

1853-இல் நாடு திரும்பிய வைட், 1872-இல் காலமானார். அவருடைய ஓவியர்கள் வரைந்த படங்கள் எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

காட்டு ஆர்க்கிட் விதை முளைக்க, மண்ணில் உள்ள நுண்ணிய பூஞ்சைகளின் துணை வேண்டும். காடு அழிந்தால் பூவும் அழியும். எனவே, அபூர்வமான பூவைக் கண்டால் பறிக்காதீர்கள். இலை, இதழ், வளரும் இடம் எல்லாவற்றையும் உற்றுப் பார்த்து, கோவிந்துவைப் போல வரைந்து வையுங்கள். படத்தின் கீழே உங்கள் பெயரையும் எழுத மறவாதீர்கள்!