தீவைக் காத்தால் பறவை பிழைக்குமா? கடலைப் படித்த ராபர்ட் குஷ்மன் மர்பி யார்?

அட்லாண்டிக் பெருங்கடலின் தென்கோடியில் இருக்கிறது தெற்கு ஜார்ஜியா தீவு. நிரந்தரமாகக் குடியிருக்கும் மக்கள் யாரும் இல்லை. பென்குயின்களும் அல்பட்ராஸ் பறவைகளும் கூட்டம் கூட்டமாகக் குஞ்சு பொரிக்கும் இடம். 2012-ல் இந்தத் தீவைச் சுற்றி 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான கடல், பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது.

தீவுல கூடு கட்டுற பறவைக்கு இவ்வளவு பெரிய கடல் எதுக்கு? 2012-க்குச் சரியாக 100 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே போய் இறங்கிய ஓர் அமெரிக்கரின் வாழ்க்கையில் இதற்கு விடை இருக்கிறது.

வேட்டைக் கப்பலில் ஒரு பறவை ஆய்வாளர்

ராபர்ட் குஷ்மன் மர்பி, 1887-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். 1912-ல் திருமணம். சில மாதங்களிலேயே 'டெய்சி' என்ற திமிங்கல வேட்டைப் பாய்மரக் கப்பலில் கிளம்பினார். புது மனைவியை விட்டுட்டுப் போக அவருக்குத் தயக்கம். போயே ஆகணும்னு அனுப்பி வைத்தது மனைவி கிரேஸ்தான்.

தெற்கு ஜார்ஜியாவில் கப்பல்காரர்கள் எண்ணெய்க்காக யானை சீல்களைக் கொன்று குவித்தார்கள். மர்பி பறவைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்.

பெருவில் கிடைத்த பாடம்

அடுத்து அவரை ஈர்த்தது பெரு நாட்டின் பறவைத் தீவுகள். அங்கே பறவை எச்சம் விலை உயர்ந்த உரம். அதனால் தீவுகளுக்குக் காவல் போட்டிருந்தார்கள்.

1925-ல் எல் நினோ வந்தது. கடல் சூடானது. நெத்திலி மீன்கள் விலகிப் போயின. பறவைகள் கூடுகளைக் கைவிட்டன, பட்டினியில் ஏராளமாகச் செத்தன. தீவு அப்படியேதான் இருந்தது, காவலும் இருந்தது. இரைதான் இல்லை.

1936-ல் வெளியான தென் அமெரிக்கக் கடற்பறவைகள் பற்றிய அவரது நூல், நீரோட்டத்தையும் நீரின் வெப்பத்தையும் வைத்தே பறவைகள் வாழும் எல்லைகளை விளக்கியது.

1951-ல் பெர்முடாவில், 300 ஆண்டுகளுக்கு மேல் அழிந்துபோனதாக நம்பப்பட்ட கஹோ பறவையை உயிருடன் கண்டுபிடித்த குழுவிலும் மர்பி இருந்தார். 1973-ல், 85 வயதில் காலமானார்.

இன்று என்ன பாதுகாப்பு?

குஞ்சு வளர்க்கும் காலத்தில் பென்குயின் வெகுதூரம் போக முடியாது. தீவுக்குப் பக்கத்திலேயே இரை பிடித்துத் திரும்பணும். அங்குள்ள பல பென்குயின்களின் முக்கிய உணவு, இறால் போன்ற கிரில். அதனால் தெற்கு ஜார்ஜியாவில் கோடைக்காலத்தில் கிரில் பிடிக்கத் தடை.

அல்பட்ராஸுக்கு வேறு ஆபத்து. நீளமான கயிற்றில் கட்டிய தூண்டில் இரையை விழுங்கப் போய், மாட்டி மூழ்கிவிடும். அதனால் இங்கே தூண்டில் கயிறு இறக்க இரவில் மட்டுமே அனுமதி. மீன்பிடிக் காலமும் குளிர்காலத்துக்கு மாற்றப்பட்டது.

இன்னும் என்ன சிக்கல்?

அல்பட்ராஸ் இரை தேடி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கும். பாதுகாப்பு எல்லை தாண்டினால் வேறு நாட்டுக் கப்பல்கள், வேறு விதிகள். தெற்கு ஜார்ஜியாவின் பெரிய அல்பட்ராஸ்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கூட்டுக்குக் காவல் போட்டாச்சு. அது சாப்பிடப் போகும் கடலுக்கு இன்னும் முழுக் காவல் இல்லை.