உணவறிஞர் மெக்காரிசன்

நோய்கள் கிருமிகளால் மட்டும் தோன்றுவன அல்ல. உணவில் உள்ள குறையாலும் தோன்றும். இவ்வுண்மையை ஆராய்ந்து நிறுவியவருள் ஒருவர் இராபர்ட் மெக்காரிசன். அவர் 1878-ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தார். மருத்துவம் பயின்று, 1901-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார்.

வடமேற்கு மலைநாடாகிய கில்கிட்டில் அவர் பல்லாண்டு பணியாற்றினார். அங்கு முன்கழுத்துக் கழலை மிகுந்திருந்தது. அதன் காரணத்தை அறிய விரும்பி, அந்நோய் பரவிய ஊரின் மாசுபட்ட நீரைத் தாமே பருகிச் சோதித்தார். அண்மையில் வாழ்ந்த ஹுன்சா மக்களோ உடலுறுதி மிக்கவராய் விளங்கினர். தவிடு நீக்காத தானியம், பால், காய்கறி, ஆப்ரிகாட் முதலிய கனிகள் ஆகியவற்றை அவர்கள் உண்டனர். இது அவர் சிந்தனையைத் தூண்டிற்று.

1918-இல் நீலகிரிக் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறை அவருக்கு ஆய்வுக்கூடமாயிற்று. பசுமையான உணவு சிறிதும் கலவாமல், தானியத்தையும் மிகக் காய்ச்சிய பாலையும் மட்டும் கினிப்பன்றிகளுக்கு அளித்தார். அவை ஸ்கர்வி நோயுற்றன. ஈறு வீங்கிக் குருதி கசிதலும், புண் ஆறாமையும் மனிதரிடத்து அந்நோயின் குறிகள். அதற்குக் காரணம் வைட்டமின் சி என்னும் உயிர்ச்சத்தின் குறைவே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

1923-இல் செலவைக் குறைக்கக் கருதிய அரசாங்கம் அவருடைய ஆராய்ச்சியை நிறுத்தியது. அவர் மனம் தளரவில்லை. 1925-இல் பணி மீண்டும் தொடங்கிற்று. 1928-இல் அது உணவாராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு அளித்து அவர் ஒப்பிட்டார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. அரிசியே மிகுந்த சென்னை மாகாண உணவு பின்தங்கிற்று. இந்நாட்டு மாணவர்க்கென்று ‘உணவு’ என்னும் சிறு நூலையும் அவர் ஆங்கிலத்தில் எழுதினார். 1935-இல் ஓய்வு பெற்று, 1960-இல் மறைந்தார். அவர் வளர்த்த நிலையம் இன்று ஐதராபாத்தில் தேசிய உணவூட்ட நிறுவனமாக விளங்குகிறது.

மனித உடல் வைட்டமின் சி-யைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. ஆகவே அதனை உணவினின்றே பெறுதல் வேண்டும். வளர்ந்தோர் நாள்தோறும் 400 கிராமுக்குக் குறையாமல் காய்கனி உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இதற்கு அயல்நாட்டுக் கனிகளைத் தேட வேண்டுவதில்லை. கள்ளக்குறிச்சியை அடுத்த கல்வராயன் மலை போன்ற நம் மலைக்காடுகளில் விளையும் நெல்லிக்கனியில், ஆரஞ்சுப் பழத்தில் உள்ளதைக் காட்டிலும் இச்சத்துப் பன்மடங்கு உண்டு. கொய்யாவும் முருங்கைக்கீரையும் எளியோர்க்கும் கிட்டுவன. சோறு மட்டும் நிறைந்த வட்டில் பசியை ஆற்றும். உடலை முழுதும் ஓம்பாது. மெக்காரிசன் தம் வாழ்நாளெல்லாம் உழைத்து உணர்த்தியது இதுவே.