அமிதசாகர முனிவரும் சீர்க் கணக்கும்

தொப்பம்பட்டி, பழனி ஆகிய ஊர்கள் அமைந்த திண்டுக்கல் மாவட்டத்து மேற்குப் பகுதியில் ஐவர்மலை என்னும் நம் சமணத் தலம் உண்டு. அங்குத் தீர்த்தங்கரர் திருவுருவங்களோடு கி.பி. 870-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றையும் காண்கிறோம். இரண்டாம் வரகுண பாண்டியன் காலத்தில், குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய சாந்திவீரக் குரவர் அத்திருவுருவங்களைப் புதுப்பித்து அறம் வைத்த செய்தியை அது கூறுகிறது. ஆசிரியர், மாணாக்கர் என வழிவழி வந்த இத்தகைய துறவோர் மரபில், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர்த் தோன்றியவரே அமிதசாகர முனிவர்.

அளவற்ற கடல் என்பது அவர் பெயரின் பொருள். அவருடைய ஆசிரியர் குணசாகரர். பிறந்த ஊர், பெற்றோர் முதலிய செய்திகளை அம்முனிவர் தம் நூல்களில் குறித்தாரல்லர். அருகனை வணங்கி நூலைத் தொடங்குவதே அவர் தம்மைப் பற்றித் தரும் சான்று. நீடூரில் உள்ள முதற் குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டு, அவரை ஆதரித்துக் காரிகையைச் செய்வித்த தலைவனின் குடியை நினைவுகூர்கிறது. அவர் வாழ்ந்த குளத்தூரும் காரிகைக் குளத்தூர் எனப் பெயர் பெற்றது. ஒரு நூலால் ஓர் ஊர் பெயர் பெறுவது அரிய பேறன்றோ!

முனிவர் முதலில் இயற்றியது யாப்பருங்கலம். பின்னர், கற்போர் எளிதில் மனங்கொள்ளுமாறு அதனைச் சுருக்கி, உறுப்பியல், செய்யுளியல், ஒழிபியல் என்னும் மூன்று இயல்களாக யாப்பருங்கலக் காரிகையைச் செய்தார். அந்நூலின் கட்டளைக் கலித்துறை யாப்பே ஓர் எண்ணிக்கைப் பாடமாகும். நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து என்பது விதி. இங்கு எழுத்து என்றது ஒற்று நீங்கலாக எண்ணப்படுவது. இதனை அறியாது ஒற்றையும் சேர்த்து எண்ணுவோர்க்குக் கணக்குப் பிழைபடும்.

அசை இருவகையே: நேர், நிரை. நேரை 0 என்றும் நிரையை 1 என்றும் எழுதினால், ஒவ்வொரு சீரும் இன்றைய கணிப்பொறி கையாளும் ஈரிலக்கத் தொடர் போன்றதாகிவிடுகிறது. ஓரசைச்சீர் 2, ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16. ஆகச் சீர் 30 எனக் காரிகை வகுக்கிறது. நான்கு அசை கொண்ட சீர்கள் எத்தனை என்று வினவினால் விடை 16. நான்கு அசைக்கு மிகாத சீர்கள் எத்தனை என்று வினவினாலோ விடை 30. ஒரு சொல் மாறிய அளவில் விடையும் மாறுகிறது.

மூவசைச்சீர் எட்டினுள் மேலும் நோக்குவோம். ஒரு நிரை மட்டும் உடையவை புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி ஆகிய 3. ஒரு நிரையேனும் உடையவை, தேமாங்காய் ஒன்று நீங்கலாக, 7. ஒரு நிரைக்கு மேல் வாராதவை 4. இரண்டு நிரை அடுத்தடுத்து வாராதவை 5. பின்னிரண்டும் ஒன்றே எனப் பலர் மயங்குவர். புளிமாங்கனியில் முதலிலும் இறுதியிலும் நிரை நிற்க, இடையே நேர் நிற்கிறது. இரண்டு நிரை இருந்தும் அவை அடுத்து நில்லாமையால் அச்சீர் ஐந்தனுள் அடங்கும், நான்கனுள் அடங்காது.

நிரை அடுத்தடுத்து வாராத சீர்களை ஓரசை முதலாக எண்ணினால் 2, 3, 5, 8 என வரும். ஒவ்வோர் எண்ணும் தனக்கு முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை. நேரில் முடியும் சீருக்கு முன் தகுதியுடைய எதுவும் நிற்கலாம். நிரையில் முடிவதற்கு முன் நேரே நிற்றல் வேண்டும் என்பதே காரணம். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரு மாத்திரை எனக் கொண்டு யாப்பு வகைகளை எண்ணிய கூர்ச்சர நாட்டுச் சமண ஆசாரியர் ஹேமசந்திரரும் 12-ஆம் நூற்றாண்டில் இவ்விதியையே கூறினார். இத்தாலியரான பிபொனாச்சி இவ்வெண்களைத் தம் நூலில் எழுதியது அதன் பின்னர், 1202-இல்.

இன்று பதினோராம் வகுப்பில் நம் பிள்ளைகள் இவ்வகைக் கணக்குகளைச் செய்கின்றனர். பெருக்கத் தெரிந்தும், மட்டும், ஏனும், மிகாமல், அடுத்தடுத்து என்னும் சொற்களைக் கடந்து படிப்பதால் மதிப்பெண் இழக்கின்றனர். அவர்களுக்குக் காரிகையின் சீர் வாய்பாட்டை எழுதிக் காட்டி எண்ணச் செய்வோம். சொல்லின் எல்லையை முதலில் அறிந்து, அதன் பின்னரே எண்ணும் முறை அமிதசாகர முனிவர் நமக்கு விட்டுச் சென்ற செல்வம். அதனைத் தேர்வுக்கு மட்டுமன்றி வாழ்வுக்கும் கொள்வோமாக.