கிம்ச்சிக்கு விதை கொடுத்தவர்

இன்று காலை ஆமத்தூரில் கடுகு தாளிக்காத வீடு இருந்திருக்காது. அந்தக் கடுகு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விருதுநகர் பஜாரிலிருந்து என்பீர்கள். பஜாருக்கு வட மாநிலத்திலிருந்து லாரியில் வந்திருக்கும். அதற்கும் முன்னால், கடுகு என்ற செடியே பூமியில் எப்படி உண்டானது? இந்தக் கேள்விக்கு 1935-ல் கணக்குப் போட்டு விடை சொன்னவர் வூ ஜாங்சுன் என்ற கொரியர். ஆனால் அவர் நாட்டு மக்கள் இந்தக் கணக்குக்காக அவரை நினைப்பதில்லை. தினமும் சாப்பாட்டோடு வரும் கிம்ச்சிக்காகத்தான் நினைக்கிறார்கள்.

கிம்ச்சி என்ற பெயர் உங்களுக்குப் புதிதாக இருந்தால் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். செல்போனில் கொரிய நாடகம் பார்க்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கம்பெனி வேலைக்குப் போன நம் பையன்கள் அங்குள்ள கொரிய ஓட்டல்களில் பார்த்திருப்பார்கள். நமக்கு ஊறுகாய் எப்படியோ அப்படி என்று சொல்லலாம். ஆனால் நாம் ஊறுகாயைத் தொட்டுக்கொள்கிறோம். அவர்கள் கிம்ச்சியைக் காயாகவே சாப்பிடுகிறார்கள். மூன்று வேளையும் அது இல்லாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது.

இதற்குக் காரணம் அவர்கள் ஊர்க் குளிர். மார்கழி, தை, மாசியில் நிலம் உறைந்துவிடும். பச்சைக் காய் ஒன்றும் விளையாது. அதனால் ஐப்பசி, கார்த்திகையில், நாம் வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்களில், அங்கே வீட்டுக்கு வீடு குளிர்காலம் முழுவதற்குமான கிம்ச்சி போடுவார்கள். இந்தப் பெருவேலைக்குக் கிம்ஜாங் என்று பெயர்.

அவர்களுடைய கோஸ் நம் உருண்டை முட்டைக்கோஸ் அல்ல. நீளமாக, இலை மெல்லிசாக, தண்டு வெள்ளையாக இருக்கும். அதற்குக் கொரிய மொழியில் பெயர் பேச்சு. நம் பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை! இதை நெடுக்காகப் பிளந்து, ஓர் இரவு உப்பில் ஊறவைத்து, அலசி, நீரை வடிப்பார்கள். மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாள், சீவிய முள்ளங்கி, உப்பிட்டுப் புளித்த கூனி அல்லது நெத்திலி எல்லாம் சேர்த்துப் பிசைந்து, ஒவ்வொரு இலைக்கு நடுவிலும் தடவுவார்கள். பிறகு மண்ஜாடியில் அடுக்கி, ஜாடியைக் கழுத்துவரை நிலத்தில் புதைத்துவிடுவார்கள். மண்ணுக்குள் இருப்பதால் உறையவும் செய்யாது, சீக்கிரம் புளித்துப் போகவும் செய்யாது.

அந்தக் காலத்தில் ஒரு வீட்டுக்கு நூறு கோஸ் என்பது பெரிய கணக்கல்ல. ஒரு பெண் தனியாகச் செய்து முடிக்க முடியாது. தெருவே கூடும். இன்று ஒரு வீடு, நாளை அடுத்த வீடு. நம் வீடுகளில் சித்திரை வெயிலில் வத்தல், வடகம் போட அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்வார்களே, அதைப் பத்து மடங்காக்கிக்கொள்ளுங்கள். மாமியாரின் கைப்பக்குவம் மருமகளுக்குப் போய்ச் சேருவது அன்றைக்குத்தான். வேலைக்கு வந்தவர்களுக்கு வேகவைத்த பன்றிக்கறியும் அப்போது தடவிய புதுக் கிம்ச்சியும் வைத்துச் சோறு போடுவது முறை. இல்லாதவர் வீட்டுக்கும் ஒரு பங்கு போகும். கோஸும் மிளகாயும் வாங்கத் தொழிலாளிகளுக்குக் கம்பெனிகள் கிம்ஜாங் போனஸ் கொடுத்த காலமும் உண்டு. பட்டாசு ஆலையில் தீபாவளி போனஸ் வாங்கும் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2013-ல் யுனெஸ்கோ இந்த வழக்கத்தை மனித குலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மிளகாயைப் பற்றி ஒரு வார்த்தை. அது அவர்களுக்கும் நமக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் வந்தது. கொரியாவுக்கு 16-ஆம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் வந்தது. அதற்கு முன் கிம்ச்சி சிவப்பாக இருந்ததில்லை. சாத்தூர் சம்பா வத்தல் இல்லாத குழம்பை நம்மால் நினைக்க முடியவில்லை. நம் முன்னோரும் ஒரு காலத்தில் மிளகைத் தட்டிப் போட்டவர்கள்தான்.

இப்படி ஊரே கூடிச் செய்யும் வழக்கம், 1945-க்குப் பிறகு விதையில்லாமல் தடுமாறியது. 1910-லிருந்து 35 ஆண்டு கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. நல்ல கோஸ் விதை, முள்ளங்கி விதை எல்லாம் ஜப்பானிலிருந்து வரும். விடுதலை கிடைத்ததும் விதை வரத்து நின்றது. கிடைத்த விதையைப் போட்டால் சில செடி இலை கூடியது, சில செடி கூடவில்லை. கோஸ் இல்லாமல் எதைப் புதைப்பது? ஜப்பானில் இருக்கும் ஒரு கொரியர் இந்த வேலை தெரிந்தவர் என்று அப்போதுதான் பேச்சு எழுந்தது. ஆனால் அவரைக் கூப்பிடுவது எளிதான காரியமாக இல்லை.

தந்தை விட்டுப்போன பழி

வூ ஜாங்சுன் 1898-ல் டோக்கியோவில் பிறந்தார். தாய் சகாய் நாகா, ஜப்பானியப் பெண். தந்தை வூ பொம்சொன் கொரியப் படை அதிகாரி. 1895-ல் கொரிய அரசி மியோங்சொங்கை ஜப்பானியர் அரண்மனைக்குள் புகுந்து கொன்றார்கள். அந்தச் சதியில் வூ பொம்சொன்னுக்கும் பங்கு இருந்தது. அதன் பிறகு ஜப்பானுக்கு ஓடிப்போனவர் அவர். 1903-ல் இன்னொரு கொரியர் தேடி வந்து அவரைக் கொன்று பழி தீர்த்தார். மகனுக்கு அப்போது ஐந்து வயது.

தாய்க்குப் பிழைக்க வழியில்லை. பையனைச் சிறிது காலம் புத்த கோயில் ஒன்றின் அநாதை விடுதியில் விட்டுவைத்தார். ஜப்பானியருக்கு அவன் கொரியன். கொரியருக்குத் துரோகியின் மகன். மிதிபட்டாலும் பூக்கும் சாலையோரச் செடியைக் காட்டித் தாய் அவனைத் தேற்றினார் என்று கொரியாவில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்கள்.

டோக்கியோ வேளாண் கல்லூரியில் படித்து, 1919-ல் அரசு ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் பெயர் வாங்கித் தந்தது பெட்டூனியா பூ. எல்லாச் செடியும் அடுக்குப் பூவாகவே பூக்கும் விதையை அவர் உண்டாக்கினார். அதை விற்ற சகாடா விதைக் கம்பெனி நன்றாகச் சம்பாதித்தது.

அடுத்தது கடுகுக் குடும்பம். வேளாண் கல்லூரியில் படித்த அலுவலர்கள் யூ முக்கோணம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த யூ ஏதோ ஆங்கில எழுத்து என்று நினைத்தவர்கள் உண்டு. அது இவருடைய குடும்பப் பெயர். ஜப்பானியப் பெயரில் எழுத வழியிருந்தும் அந்தக் கொரியப் பெயரை அவர் கட்டுரைகளில் விடவில்லை.

கணக்கு இதுதான். கொரியக் கோஸும் டர்னிப்பும் ஒரே இனம். அவற்றின் மகரந்தத்தில் 10 குரோமோசோம். கருங்கடுகில் 8. இரண்டும் இயற்கையில் கலந்து, இரு பக்கத்துக் குரோமோசோமும் முழுதாக நின்று, 18 உள்ள புது இனம் உண்டானது. அதுதான் இந்தியாவில் பெரும்பாலும் விளையும் நம் கடுகு. முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், நூல்கோல் மூன்றும் 9 உள்ள ஒரே இனம். அது பத்தோடு கலந்தபோது 19 உள்ள எண்ணெய்வித்து ரேப் வந்தது. மொரினாகா என்ற ஜப்பானியர் தொடங்கி வைத்த ஆராய்ச்சி இது. வூ அந்தக் கலப்பைத் தாமே செய்து, 19 உள்ள செடியை உண்டாக்கியும் காட்டினார். ஓர் இனமும் இன்னோர் இனமும் சேர்ந்து மூன்றாவது இனம் வரும் என்பதற்கு அது கண்கூடான சான்று. 1936-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது. நம் கடுகின் கீரையில் கொரியர்கள் ஒரு கிம்ச்சி போடுகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

1937-ல் அரசு வேலையை விட்டு, கியோட்டோவில் தகீ விதைக் கம்பெனியின் பண்ணைக்குப் பொறுப்பேற்றார். கலப்பின விதை வேலையில் அங்கே கை தேர்ந்தார்.

ரப்பர் செருப்பு டாக்டர்

கொரியாவில் அவரை அழைத்துவர ஒரு குழுவே அமைத்தார்கள். தந்தையின் பெயரை மறக்காதவர்கள் அங்கே இன்னும் இருந்தார்கள். அவருக்கோ கொரிய மொழி சரியாக வராது. மனைவியும் பிள்ளைகளும் ஜப்பானியர்கள்; அவர்களை விட்டுவிட்டு 52-ஆம் வயதில், 1950 மார்ச்சில், பூசானில் இறங்கினார். குடும்பச் செலவுக்கென்று கொரியர்கள் திரட்டி அனுப்பிய பணத்தில் விதையும் புத்தகமும் வாங்கிக்கொண்டு வந்தார் என்பார்கள். அந்தக் குடும்பம் இதை எப்படித் தாங்கிக்கொண்டது என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

மூன்றே மாதத்தில் கொரியப் போர் மூண்டது. தலைநகர் சியோல் விழுந்தது. தென்கோடியில் இருந்த பூசான் எதிரி கைக்குப் போகவில்லை. அதன் அருகே தோங்னேயில் இருந்த அவருடைய ஆராய்ச்சி நிலையமும் தப்பியது. ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு பாத்தியே கதியென்று கிடந்தவருக்கு அந்தச் செருப்பே பட்டப்பெயரானது.

கோஸுக்கும் முள்ளங்கிக்கும் ஒரு குணம் உண்டு. தன் மகரந்தத்தைத் தன் பூ ஏற்காது. தேனீ பக்கத்துச் செடியிலிருந்து கொண்டுவந்தால்தான் காய் பிடிக்கும். விதை சீக்கிரம் கலந்து கெட்டுப்போவதற்கு இதுவே காரணம். இதையே சாதகமாக்கவும் முடியும். இரண்டு தூய வரிசைகளை மாற்றி மாற்றி நட்டால் கிடைப்பதெல்லாம் கலப்பின விதைதான். அந்தத் தூய வரிசையை எப்படிக் காப்பது? மலராத மொட்டைப் பிரித்து, அதே செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். மொட்டுப் பருவத்தில் அந்தத் தடை வேலை செய்யாது. கண் நோக, கை நோகச் செய்யும் வேலை. இதை இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்து, நாட்டுக்குத் தேவையான கோஸ், முள்ளங்கி விதை நாட்டிலேயே விளையும்படி செய்தார். அவர் தொடங்கிய வேலையிலிருந்துதான் 1960-ஐ ஒட்டிக் கொரியாவின் முதல் கலப்பினக் கிம்ச்சிக் கோஸ் ரகங்கள் வந்தன. நச்சுயிரி நோய் இல்லாத உருளைக்கிழங்கு விதையைக் கங்வொன் மலைப்பகுதியில் உற்பத்தி செய்யவும் வழி காட்டினார். நமக்கு ஊட்டி விதைக்கிழங்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விதையில்லாத் தர்பூசணியைக் கண்டுபிடித்தவரும் அவர்தான் என்று கொரியாவில் பலர் நம்புகிறார்கள். அது ஜப்பானியர் கிஹாராவின் வேலை. புது ரகம் என்றாலே சந்தேகப்பட்ட விவசாயிகளுக்கு, இப்படியும் முடியும் என்று அறுத்துக் காட்டத்தான் வூ அதை விளைவித்தார். இன்று நம் ஊரில் செயல்விளக்கத் திடல் போடுகிறோமே, அதே உத்தி.

1953-ல் ஜப்பானில் தாய் இறந்தார். போனால் திரும்ப மாட்டார் என்று அரசு பயந்ததோ என்னவோ, அவருக்குப் பயண அனுமதி கிடைக்கவில்லை. தோங்னேயிலேயே துக்கம் அனுசரித்தார். நாடெங்கும் இருந்து வந்த துக்கப் பணத்தில், தண்ணீர்த் தட்டுப்பாடு இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு கிணறு வெட்டினார். தாய்ப்பால் ஊற்று என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார். அந்தக் கிணறு இன்றும் இருக்கிறது.

கடைசிக் காலத்தில் ஒரே நடவில் இரண்டு அறுவடை எடுக்கும் நெல்லைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். நம் மறுதாம்பு போன்றது. வயிற்றுப்புண் முற்றிப் படுக்கையில் கிடந்தவருக்கு 1959 ஆகஸ்டில் அரசு மருத்துவமனைக்கே வந்து விருது கொடுத்தது. மூன்று நாளில், ஆகஸ்ட் 10-ஆம் தேதி, 61 வயதில் காலமானார். சுவோன் நகரில், வேளாண் ஆராய்ச்சி நிலையங்கள் இருந்த பகுதியிலுள்ள சிறு குன்றில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அதற்குப் பிறகு

1997-ல் கொரியாவில் பெரும் பண நெருக்கடி வந்தது. மறு ஆண்டே பெரிய விதைக் கம்பெனிகள் வெளிநாட்டுக்கு விலை போயின. ஹுங்னோங், சுங்ஆங் என்ற இரண்டையும் செமினிஸ் வாங்கியது. செமினிஸை 2005-ல் மான்சாண்டோ வாங்கியது. சோங்யாங் என்று கொரியர்கள் உயிரை விடும் ஒரு காரமிளகாய் உண்டு. அதன் விதை உரிமையும் அந்தக் கணக்கில் சேர்ந்து போனது. சொந்த மிளகாய்க்குக் கடல் கடந்த கம்பெனியிடம் விதை வாங்குகிறோமே என்று அவர்கள் இன்னும் ஆறாமல் பேசுகிறார்கள். விற்றதில் ஒரு பகுதியைப் பின்னால் ஒரு கொரிய நிறுவனம் திரும்ப வாங்கியது.

இங்கே கரிசலில் சம்பா மிளகாய் போடும் உங்களில் பலர் விதையைச் சொந்தமாக எடுக்கிறீர்கள். சம்பா ரகம், கலப்பினமல்ல. எடுத்த விதையை மறுபடி போடலாம். கடையில் வாங்கிய கலப்பின மிளகாயிலிருந்து விதை எடுத்தால் மறு வருடம் செடிக்குச் செடி மாறும். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தை ஏற்கும் என்றாலும் பூச்சியால் கலப்பும் நடக்கும். பக்கத்துப் புஞ்சையில் வேறு ரகம் நின்றால், விதைக்கு விடும் செடிகள் அதிலிருந்து 200 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். சான்று விதைக்கு உள்ள அளவு இது. ஆதார விதைக்கு 400 மீட்டர். முள்ளங்கிக்குச் சான்று விதைக்கே 1,000 மீட்டர் வேண்டும். இலைச் சுருட்டு கண்ட செடியில் விதை எடுக்காதீர்கள். நாற்று விடுமுன் நூறு விதையை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பாருங்கள். 60-க்குக் குறைவாக முளைத்தால் அந்த விதையை நாற்றங்காலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.